தொட்டியைத் தட்டிப் பாத்துட்டு ரூம் போடு

ஏல பேராண்டி, துவாலுக்குப் போறேன்னு நீ சொன்னதும் வாயில கிடந்த வெத்தலையைத் துப்பிட்டுத்தான் சிரிச்சேன். சிரிக்கும்போது பாக்கு தொண்டையில ஏறிட்டா இந்த வயசுல தாங்காது. கல்யாணம் முடிச்சவன்லாம் மாலத்தீவுக்குப் போறான், பாலிக்குப் போறான். காலை நீட்டி வச்சு, பின்னால கடல் தெரிய ஒரு போட்டோ எடுத்துப் போடுதான், திரும்பி வாரான். உனக்கு மட்டும் ஆளே போகாத நாடா வேணும். சரி, போ. ஆனா அந்தப் போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, ‘தாத்தா, கடல் பாத்த ரூம் வேணும், நாலு நட்சத்திரம் இருந்தாப் போதும்’னு சொன்னியே, அதுக்குத்தான் உக்கார வச்சுப் பேசுதேன். நட்சத்திரம் எம்புட்டு வேணும்னாலும் உண்டு. ராத்திரி வெளிய வந்து அண்ணாந்து பாரு.

கடல் பாத்த ரூம்! மொத்த நாட்டுக்கும் நிலம் 26 சதுர கிலோமீட்டர்தான், தெரியுமால? ஒம்பது தீவு, பதினோராயிரம் ஜனம். அதுல பாதிக்கு மேல ஃபுனாஃபுட்டிங்கிற தீவுல இருக்காவ. அந்த ஃபுனாஃபுட்டியிலயும் ஊருன்னு சொல்ல உள்ளது ஃபோங்காஃபாலேங்கிற ஒத்தத் திட்டு. அருவாளை மணல்ல வீசி எறிஞ்சாப்ல வளைஞ்சு கிடக்கும். நீளம் 12 கிலோமீட்டர், அகலம் ரொம்பப் போனா 400 மீட்டர். சில இடத்துல ரோட்டுல நின்னு இந்தப் பக்கம் எச்சியத் துப்புனா காயல்ல விழும், அந்தப் பக்கம் துப்புனா சமுத்திரத்துல விழும். அங்கன போய் ‘ரூம்ல இருந்து கடல் தெரியுமா’ன்னு கேட்டா, ரூம் விடுத வீட்டுக்காரி உன்னையத் தலைக்குச் சுகமில்லாதவன்னு நினைச்சிருவா. ‘எந்தக் கடல்?’னு வேணா கேப்பா. அதுக்குப் பதில் தெரிஞ்சு வச்சுக்க. மேக்க உள்ளது காயல், அல அடிக்காது, சாயங்காலம் சூரியன் அதுலதான் இறங்கும். கிழக்க உள்ளது சமுத்திரம், ராப்பூரா இரையும். காத்து பெரும்பாலும் கிழக்க இருந்துதான் வரும். ஓடுபாதைக்கு அந்தாண்ட பன்னிக் கொட்டில் உண்டு. அவுக பன்னியை ஆசையா வளக்காவ, விருந்துன்னா அது இல்லாம நடக்காது. காத்தோட்டமான ரூம் வேணும்னு கேக்கதுக்கு முன்னால, அந்தக் காத்து எது மேல பட்டுட்டு வருதுன்னு விசாரிச்சிரு.

‘தாத்தா உடன்குடியில கருப்பட்டிக்குக் காவல் கிடந்த ஆளு, இவருக்கு எப்படித் தெரியும்’னு பொஞ்சாதி காதுல முனங்காத, எனக்குச் செவி நல்லாக் கேக்கும். கப்பல்ல பண்டாரியா நான் சோறு பொங்குன காலத்துல, ஜெர்மன்காரன் கப்பல்லாம் துவாலுப் பையங்களை வச்சுத்தான் ஓடும். ஃபுனாஃபுட்டிக்குப் பக்கத்துல அமட்டுக்குன்னு குட்டித் தீவு. அங்கன 1979லருந்து மாலுமிப் பயலுகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துதாவ. நல்ல பயலுக. ஒருத்தன் மூணு ஆளு சோறு திம்பான், நாலு ஆளு வேலை செய்வான், ஞாயித்துக்கிழமை பாட்டுப் பாடியே கப்பலைத் தூக்கிருவான். அதுல ஒருத்தன் கூப்பிட்டுத்தான் அந்த மண்ணை மிதிச்சேன்.

போற வழியைக் கேளு. பெரும்பாலும் ஃபிஜி வழியாத்தான் போகணும். நாண்டியில இறங்குனா, ஊர்க் கோடியில நம்ம முருகன் கோயில் இருக்கு, ஸ்ரீ சிவசுப்பிரமணியர். 1903லருந்து மதராஸ் துறைமுகத்துல கப்பலேத்திக் கரும்புக் காட்டுக்குக் கொண்டுபோன சனத்தோட வம்சம் இன்னும் அங்கன காவடி எடுக்கு. பொஞ்சாதி கும்பிட்டுக்கிடட்டும், நல்லது. பொறவு சுவாவுக்குப் போய், இறக்கையில காத்தாடி சுத்துற சின்ன விமானத்துல ரெண்டரை மணி நேரம். வாரத்துல சில நாள்தான் போகும். அதனால நீ ரூம் போடுத நாள் கணக்கை நீ முடிவு பண்ணல, விமானக்காரன் முடிவு பண்ணுதான். ‘நாலு ராத்திரி, அஞ்சு பகல்’னு ஒரு கணக்குச் சொன்னியே, அதை ஃபிஜியிலயே விட்டுட்டுப் போ.

இறங்கினதும் ஊரு எங்கன்னு தேடாத. ஓடுபாதைதான் ஊரு. 1943ல அமெரிக்காக்காரன் ஜப்பான்காரனோட சண்டை போடத் தென்னையை வெட்டிச் சாய்ச்சு அதைப் போட்டான். அதுக்கு மண் வேணும்னு தீவைத் தோண்டித் தோண்டி எடுத்தவன் பள்ளத்தை அப்படியே விட்டுட்டுப் போயிட்டான். எழுவது வருசம் அதுல உப்புத்தண்ணியும் குப்பையும் கொசுவும் குடித்தனம் நடத்துச்சு. 2015லதான் நியூசிலாந்துக்காரன் காசு குடுக்க, அதை மூடுனாவ. இன்னைக்கு விமானம் வரப்போவுதுன்னா சங்கு ஊதும், ஆளுகளும் நாயும் வண்டியும் ஒதுங்கும். விமானம் போயிட்டா, சாயங்காலம் அதே இடத்துல கைப்பந்து, கால்பந்து, ரக்பி, புள்ளைக சைக்கிள், கிழவிக அரட்டை. வெக்கையான ராத்திரியில பாயும் தலகாணியும் தூக்கிட்டு வந்து அங்கனயே படுத்துக்கிடுவாவ.

இப்ப ரூமுக்கு வருவோம். அரசாங்கத்து ஓட்டல் ஒண்ணு இருக்கு, காயலைப் பாத்தாப்ல. முன்ன வையாகு லாங்கின்னு பேரு, இப்ப ஃபுனாஃபுட்டி லகூன் ஓட்டல். விமான நிலையத்துல இருந்து பெட்டியை உருட்டிக்கிட்டே போயிரலாம். ஓடுபாதைக்கு ஒட்டுனாப்ல ஃபிலாமோனா மாதிரிக் குடும்பத்தாளுக நடத்துத லாட்ஜுக உண்டு. இன்னும் சில வீடுகள்ல மாடியில ரெண்டு ரூம் எடுத்து வாடகைக்கு விடுவாவ. விமானச் சத்தம் தொந்தரவா இருக்குமான்னு கேட்ட. வாரத்துல சில தடவை வர்ற விமானத்துக்குப் பயப்படுத நீ, சென்னையில ஆலந்தூர்ல குடியிருக்க. பேசாத.

நீ கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். ‘உங்க வீட்டுத் தண்ணித்தொட்டி எம்புட்டுப் பெருசு, இப்ப எந்த மட்டத்துல நிக்கு?’

சிரிக்காதல. துவாலுல ஆறு கிடையாது, ஓடை கிடையாது. தோண்டுனா உப்பும் கழிவும் கலந்த தண்ணிதான் ஊறும்; பன்னிக் கொட்டில் கழுவ அது போதும். குடிக்க, சமைக்க எல்லாத்துக்கும் வானம் குடுத்தாத்தான். கூரையில விழுத மழை காவாத் தகடு வழியா தொட்டிக்கு வரும். அதனால நீ போட்டோவுல கட்டிலைப் பாக்காத, கூரையைப் பாரு. கூரை அகலமா, தகரம் துரு இல்லாம, தகடு உடையாம இருக்கான்னு பாரு. போய் இறங்குன உடனே வீட்டுக்காரிக்கு வணக்கம் வச்சுட்டு, பெட்டியைக் கூடத் திறக்காம பின்பக்கம் போ. தொட்டியை மேல இருந்து கீழ கைமுட்டியால தட்டிக்கிட்டே வா. ‘டங்’குன்னா காலி, ‘தொப்’புன்னா தண்ணி. ‘தொப்’ எங்க ஆரம்பிக்கோ அதுதான் அந்த வீட்டோட நட்சத்திரக் கணக்கு. உன் போன்ல எவனாவது அதை எழுதியிருக்கானா? ‘தலகாணி மெதுவா இருந்துச்சு, காபி ஆறியிருந்துச்சு’ன்னுதான் எழுதி வச்சிருக்கான். தண்ணிக்கு அலையுத நம்ம தேரிக்காட்டுல பொறந்தவனா இருந்தா எழுதியிருப்பான்.

2011ல மழை பொய்ச்சுப் போச்சு. மாசக்கணக்கா ஒரு நல்ல மழை இல்ல. செப்டம்பர் கடைசியில அரசாங்கம் நெருக்கடி நிலையே அறிவிச்சிருச்சு. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு வாளித் தண்ணி. ஒரு ஆளுக்கு இல்லல, ஒரு வீட்டுக்கு. நியூசிலாந்துலருந்தும் ஆஸ்திரேலியாவுலருந்தும் கடல்தண்ணியை நல்லதண்ணியாக்குத எந்திரத்தைக் கொண்டுவந்து இறக்குனாவ. நீ உன் அடுக்குமாடி வீட்டுல காலையில பல்லு விளக்குத நேரத்துல ஒரு வாளி போயிரும். இன்னொரு வாளி, உம் பொஞ்சாதி தலை அலசுறதுக்குப் பாதிதான் காணும். அவ முடி நீளம், நான் குத்தம் சொல்லல; தலைக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்குறதை ஃபிஜியிலயே முடிச்சுக்கிடட்டும். இன்னைக்கு நிலைமை கொஞ்சம் தேவலை, எந்திரம் உண்டு, லாரியில தண்ணி வாங்கிக்கிடலாம். ஆனா வாங்குதது ரூம் குடுத்த வீட்டுக்காரி, காசு அவ காசு. அவ வாய்விட்டு ஒண்ணும் சொல்ல மாட்டா. ‘இன்னைக்கும் குளிச்சீங்களா, ரொம்பச் சந்தோசம்’னு மட்டும் சொல்லுவா. அதைப் புரிஞ்சுக்கிட்டா நீ நல்ல விருந்தாளி.

ரூம் கிடைக்குமாங்கறது அடுத்த சங்கடம். சுற்றுலாக்காரன் போகாத ஊருல ரூம் சும்மா கிடக்கும்னு நினைக்க, இல்லையா? அங்கதான் நீ ஏமாந்த. அந்த நாடு மூழ்கப்போவுதுன்னு உலகமே சொல்லிக்கிட்டு இருக்கு. அதனால மூழ்குததைப் பாக்க ஆளு வந்துக்கிட்டே இருக்கு. அளக்க வாரான், ஆலோசனை சொல்ல வாரான், படம் பிடிக்க வாரான், அறிக்கை எழுத வாரான். எல்லாரும் நல்ல ரூமாப் பாத்துப் படுத்துக்கிடுதான், அளந்து அளந்து குளிக்கணும்னு அறிக்கையில எழுதிட்டுப் போய் அளக்காமக் குளிக்கான். 2019 ஆகஸ்ட்ல பசிபிக் நாட்டுத் தலைவருங்க மாநாட்டை ஃபுனாஃபுட்டியிலயே வச்சாவ. அந்த மாதிரி நேரத்துல நீ போய் நின்னா உனக்கு ஓடுபாதைதான், பாயும் இரவல். அதனால ரூம் போடும் முன்ன, ஊருல என்ன கூட்டம் நடக்குதுன்னு கேளு. கோட்டு போட்டவன் நிறைய வந்திருக்கான்னா தள்ளிப் போடு.

மாசமும் பாக்கணும். பிப்ரவரி, மார்ச்சுல பெருவேலி ஏத்தம் வரும். கடல் கரையைத் தாண்டி வரும்னு நீ நினைக்க. அது மட்டுமில்ல, தரைக்குள்ள இருந்தே வரும். அடியில பூரா பவளக்கல்லு, சல்லடைக் கண்ணு. வீட்டு முத்தத்துல, வெறும் நிலத்துல, உப்புத்தண்ணி குமுறிக்கிட்டுக் கிளம்பும். படக்காரன் அந்த நேரமாப் பாத்துத்தான் வருவான். நீ படக்காரன் இல்லைல்லா? மாடி ரூம் கேளு, இல்லைன்னா வேற மாசம் பாரு. இப்ப காயல் ஓரமா 7 ஹெக்டேருக்குப் புது நிலமே உண்டாக்கியிருக்காவ, மணலைக் கொட்டி உசத்தி. 2023 கடைசியில முடிஞ்சுது. சாயங்காலம் அதுல நடந்துட்டு வா. நாட்டுக்கே புதுசா முளைச்ச முத்தம், மிதிச்சுப் பாக்கணும்.

அங்கன விருந்தாளியாப் போன பொம்பளைகள்ல எனக்குப் பிடிச்சவ ஒருத்தி உண்டு. 1897ல எட்ஜ்வொர்த் டேவிட்னு ஒரு பேராசிரியரு சிட்னியிலருந்து ஆளு அம்போட போய் இறங்குனாரு. பவளத் தீவு எப்படி உண்டாவுதுன்னு டார்வின் சொன்னது சரியா தப்பான்னு பாக்க அந்த வருசமும் அடுத்த வருசமுமா அந்தத் தீவை ஆயிரம் அடிக்கு மேல துளை போட்டாவ. அந்தத் துளையை இப்பவும் போய்ப் பாக்கலாம். அவரு பொஞ்சாதி காராவும் கூடப் போனா. புருசன் பூமிக்குள்ள குழாயை இறக்கிக்கிட்டு இருக்க, அவ ஊருக்குள்ள உக்காந்து பேசுனா, நோய் நொடிக்கு மருந்து குடுத்தா. மூணு மாசம் இருந்துட்டுத் திரும்பிப் போய் 1899ல ஒரு புஸ்தகமே எழுதிட்டா. நட்சத்திரமும் இல்ல, கடல் பாத்த ஜன்னலும் இல்ல. உம் பொஞ்சாதிகிட்ட அந்தக் கதையைச் சொல்லு. நீ ரூமை நோட்டம் போடுத நேரத்துல அவ வீட்டுக்காரிகூட அடுப்படியில உக்காந்தான்னா, உங்க ரெண்டு பேருக்கும் சோறு நல்லா அமையும்.

ஆமா, வீட்டுக்காரியைப் பாத்துத்தான் ரூம் போடணும். அவ எந்தத் தீவுக்காரி, கோயிலுக்கு எத்தனை மணிக்குப் போவான்னு கேட்டு வச்சுக்க. 1861ல எலேகானான்னு குக் தீவுகள் ஆளு ஒருத்தன், படகு திசை தப்பி மிதந்து மிதந்து நுகுலைலை தீவுல வந்து ஒதுங்குனான். வந்தவன் வேதத்தைச் சொல்லிக் குடுத்தான். அன்னைக்குப் பிடிச்சது இன்னும் விடல. ஞாயித்துக்கிழமை ஊரு அடங்கிரும். கடை பூட்டிக் கிடக்கும், ரோட்டுல சத்தம் கேக்காது. அன்னைக்கு ‘வாடகை மோட்டார் சைக்கிள் எங்க கிடைக்கும்’னு அலையாத. சாயங்காலம் வீட்டுக்குள்ள ஜெபப் பாட்டுக் கேட்டா வராந்தாவுல நின்னு போன் பேசாத. ஊர் மண்டபத்துக்கு, ஃபலேகௌபுலேன்னு சொல்லுவாவ, கூப்பிட்டாவன்னா சம்மணங்கூட்டி உக்காரு, பெரிய மனுசங்களுக்கு நேரா காலை நீட்டாத. அந்த ஒரு விசயத்துல நான் உன்னைய நல்லாத்தான் வளத்திருக்கேன். ஃபாத்தெலேன்னு ஆட்டம் ஆடுவாவ. மெதுவா ஆரம்பிச்சு, வேகம் ஏறி ஏறி, மரப்பெட்டியை அடிக்கிற அடியில தரையே அதிரும். நடுவுல எழுந்து போயிராத. குளிக்கப் போனா உடம்பை மூடிக் குளி. அந்த அரைமுழத் துணியெல்லாம் பெட்டியிலயே கிடக்கட்டும். அதுவும் ஊர் ஓரத்துல வேண்டாம், தண்ணி சுத்தமில்ல. படகு பிடிச்சுக் காயலுக்கு மேக்க போனா ஆறு குட்டித் திட்டு, 33 சதுர கிலோமீட்டர் காப்புப் பகுதி, 1996ல ஒதுக்குனது. மீனும் ஆமையும் பறவையும் அங்கன இருக்கு, நீ தேடுத மாலத்தீவும் அங்கதான் இருக்கு.

சாப்பாட்டுக்கு அரிசி உண்டு, கோழி உண்டு, டப்பா மீனும் டப்பாக் கறியும் கப்பல்ல வரும். கப்பல் பிந்துனா கடையில காய்கறி இருக்காது. பச்சை மீனு, சூரை, அருமையா இருக்கும். புலாக்கான்னு ஒரு கிழங்கு, குழி தோண்டி நடுவாவ, உப்புத்தண்ணி ஏறி இப்ப அதுக்கும் ஆபத்து. பொறவு கலேவே. பேரைப் பாத்துப் பயப்படாத, தென்னம்பாளையைச் சீவிக் காலையும் மாலையும் இறக்குதது. நம்ம ஊருல நான் ஒரு கலயம் இறக்குனா போலீசு வந்து நிக்கும், 1987லருந்து கள்ளுக்குத் தடை. அங்கன வீட்டுப் புள்ளையே மரத்துல பாட்டுப் பாடிக்கிட்டு ஏறுதான். இனிப்பா இருக்கும்போது குடிச்சாப் பதநீர், மறந்து வச்சுட்டுக் குடிச்சா வேற கணக்கு. நீ மறந்து வச்சிருவேன்னு எனக்குத் தெரியும், உங்க அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன்.

காசு. ஆஸ்திரேலியா டாலர் செல்லும், அதைக் கையில கொண்டு போ. 2025 ஏப்ரல்லதான் நாட்டுக்கே முதல் ஏடிஎம் வந்துச்சு, பிரதமரே வந்து திறந்து வச்சாரு. அதுவரைக்கும் பூரா நோட்டுதான். வந்துட்டதே, கார்டைத் தேச்சுக்கிடலாம்னு வெறுங்கையோட போனேன்னா, வீட்டுக்காரி தேய்க்கப் பாத்திரம் குடுப்பா. இத்தனைக்கும் உலகத்துல ‘.டிவி’ன்னு முடியுத இணையப் பேரெல்லாம் அவுக நாட்டுச் சொத்து, அதை வாடகைக்கு விட்டுக் கோடிக்கணக்குல சம்பாதிக்காவ. அந்த நாட்டுல உட்கார்ந்து நீ வீடியோ பாக்கணும்னாத்தான் சுத்திச் சுத்தி நிக்கும். ரூம்ல வைஃபை இருக்கான்னு கேட்டா இருக்கும்பா. வேலை செய்யுமான்னு நீ கேக்கல்லியே.

‘ஃபுனாஃபுட்டி வேண்டாம், இன்னும் தள்ளி உள்ள தீவுக்குப் போறேன்’னு வீம்பு பண்ணா, அதுக்கும் வழி இருக்கு. மத்த எட்டுத் தீவுக்கும் விமானம் கிடையாது. ஜப்பான்காரன் குடுத்த நிவாங்கா-3 கப்பல் போகும். எப்பப் போகும்னா, போகும்போது போகும். தீவுக்கிட்ட வந்ததும் பாறை விளிம்புக்கு வெளிய நிக்கும், நீ சின்னப் படகுல குதிக்கணும். அங்கன ஓட்டல்னு ஒண்ணும் கிடையாது. தீவுச் சபைக்கு, கௌபுலேக்கு, முன்கூட்டியே சேதி சொல்லணும். சபை விருந்தினர் வீட்டுல ஒரு ரூம் ஒதுக்குவாவ, இல்லைன்னா யாரு வீட்டுலயாவது விடுவாவ. வனுவாட்டு, சமோவான்னு சுத்துனவன்லாம் அதைத்தான் சொர்க்கம்பான். நீ லீவைக் கணக்குப் பாக்குற ஆளு, உனக்கு அது சரிப்படாது. திரும்பி வர்ற கப்பல் எப்பன்னு கேட்டா, சபைக்காரரு கடலைத்தான் காட்டுவாரு.

இன்னொண்ணு. நீ பேசி முடிச்ச வீட்டுக்காரி, நீ போற நேரத்துல அங்கன இருப்பாளான்னும் கேட்டுக்க. ஆஸ்திரேலியாவோட 2023 நவம்பர்ல ஒரு ஒப்பந்தம் போட்டாவ, வருசத்துக்கு 280 பேரு அங்கன போய்க் குடியேறலாம். 2025ல குலுக்கலுக்குப் பேரு குடுக்கச் சொன்னா, குடும்பத்தோட சேத்து எட்டாயிரம் பேருக்கு மேல குடுத்துட்டாவ. பதினோராயிரத்துல எட்டாயிரம். நீ அவ வீட்டுல ரூம் தேடுத, அவ பிரிஸ்பேன்ல ரூம் தேடுதா. அப்ப ‘உங்க ஊரு எப்ப மூழ்கும்’னு வாயைத் திறந்து கேட்டுராத. வந்தவன்லாம் கேட்டுட்டான். கேக்கணும்னு நாக்கு அரிச்சா, தொட்டி மட்டம் எம்புட்டுன்னு கேளு, அதுக்கு அவ ரெண்டு மணி நேரம் பதில் சொல்லுவா.

கடைசியா, திரும்பி வர்ற விமானம். மழையோ காத்தோ எந்திரக் கோளாறோ, வராமலும் போகலாம். அதனால ரூம் பேசும்போதே, ‘விமானம் வரலைன்னா கூட ஒரு ராத்திரி இருக்க விடுவீங்களா’ன்னு கேட்டு வச்சுக்க. வீட்டுக்காரி விடுவா, அதுல சந்தேகமில்ல. உங்க ஆபீஸ் மேனேஜர்தான் யோசிக்கணும். அந்த ஊரு விமான நிலையத்துக்குக் குறிப்பெழுத்து எஃப்யூஎன். ‘ஃபன்’ல மாட்டிக்கிட்டேன், அடுத்த விமானத்துக்கு வாரேன்னு நீ லீவு லெட்டர் எழுதுனா, அவன் நம்புவானா மாட்டானான்னு இப்பவே யோசிச்சு வச்சுக்க.